நேரமே இல்லாத அக்டோபரில் எந்தப் பேய்க்கதையைப் படிப்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் பிறந்தாலே, 31-ம் தேதி வரும் ஹாலோவீன் என்ற பேய்ப் பண்டிகைக்காக, அமெரிக்காவில் வீட்டு வாசல்களில் பூசணிக்காயும் எலும்புக்கூடும் வந்துவிடுகின்றன. கூட வேலை பார்ப்பவர்கள் ஆளுக்கொரு பேய்க்கதையோடு மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். உங்களுக்கும் ஆசை. ஆனால் ஆபீசில் ஆடிட், வீட்டில் கொலு, அது முடிந்த கையோடு தீபாவளி, நடுவில் இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடம். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் கிடைத்தால் பெரிது. போன வருஷம் ஐந்து புத்தகம் எடுத்து ஒன்றைக்கூட முடிக்கவில்லை என்கிறீர்கள். இந்த வருஷம் எதை எடுக்கலாம்?

நான் நியூ ஜெர்சியில் ஒரு பொது நூலகத்தில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். செப்டம்பர் கடைசி வாரத்தில் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு பேய்க்கதைகளை அடுக்குவது என் பொறுப்பு. அந்த மேசையிலிருந்து போகிற புத்தகங்கள் நவம்பரில் திரும்பி வரும்போது, பலவற்றின் உள்ளே அடையாளத்துக்கு வைத்த ஏதாவது ஒன்று மறந்துபோய் அப்படியே இருக்கும். கடை ரசீது, ரயில் டிக்கெட், சாக்லேட் உறை. தடிமனான புத்தகங்களில் அது எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் முதல் நூறு பக்கத்தைத் தாண்டியிருக்காது. எடுத்தவர்கள் சோம்பேறிகள் இல்லை, புத்தகமும் மோசமில்லை. அந்த மாதத்துக்கும் அந்தப் புத்தகத்துக்கும் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

அதனால் நான் சொல்வது ஒன்றே ஒன்று. எந்தப் புத்தகம் பிரபலம் என்று பார்த்து எடுக்காதீர்கள். எழுந்திருக்காமல் எவ்வளவு நேரம் உட்கார முடியும் என்று முதலில் பாருங்கள், அதற்குள் அடங்குகிற கதையை எடுங்கள். குடும்பக் கதையையோ சரித்திரக் கதையையோ பத்து நாள் பிய்த்துப் பிய்த்துப் படித்தாலும் பெரிய நஷ்டமில்லை. பயம் அப்படியில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றி வைத்ததைப் பாதியில் மூடி, மறுநாள் இரவு திறந்தால், ஆறிப்போயிருக்கும். மறுபடி முதலிலிருந்து சூடேற்ற வேண்டும். அதற்குள் உங்கள் அரை மணி முடிந்துவிடும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. எட்கர் ஆலன் போ 1842-ல் நதானியேல் ஹாதார்னின் கதைகளுக்கு எழுதிய மதிப்புரையில் இதைத்தான் சொன்னார். அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள், ஒரே அமர்வில் படித்து முடிக்கக்கூடியதாகக் கதை இருக்க வேண்டும். நடுவில் உலக விவகாரம் குறுக்கிட்டால் கதை மனதில் உண்டாக்கிய முழுமை கலைந்துவிடும் என்பது அவர் வாதம். அவர் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்தவர். ஆங்கிலப் பேய்க்கதையே பத்திரிகைப் பக்கங்களில் வளர்ந்த வடிவம்தான். நேரமில்லாத வாசகருக்காகவே தைத்த சட்டை என்று சொல்லலாம். நாம்தான் அதை விட்டுவிட்டு ஆயிரம் பக்கப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம்.

சரி, கணக்குப் போடுவோம். 31 நாள், தினம் அரை மணி என்றால் பதினைந்தரை மணி நேரம். அது காகிதக் கணக்கு. கொலுவுக்கு ஆட்கள் வரும் மாலைகள், ஆடிட் நாட்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் இரண்டு நாள் எல்லாவற்றையும் கழித்தால் எட்டு மணி நேரம் தேறும். நிதானமாகப் படிப்பவருக்கு அரை மணியில் ஆங்கிலத்தில் ஆறாயிரம் சொல் ஓடும். ஆக மாதத்துக்குச் சுமார் ஒரு லட்சம் சொல். அதில் ஒரு சிறிய நாவலும் ஐந்தாறு கதைகளும் அடங்கும். இதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். ஸ்டீபன் கிங்கின் 'இட்' 1986-ல் வந்தது, ஆயிரம் பக்கத்துக்கு மேல். அருமையான புத்தகம். அதைக் கோடை விடுமுறையில் எடுங்கள். அந்தக் கதையில் பிள்ளைகள் பயப்படும் பகுதி நடப்பதும் கோடையில்தான்.

முதலில் வார நாட்களுக்கான கதைகள். போவின் 'தி டெல்-டேல் ஹார்ட்' 1843-ல் வந்தது, பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். தனக்குப் பைத்தியமில்லை என்று நிரூபிக்கத் துடிக்கும் ஒருவன் தன் கொலையைத் தானே விவரிக்கிறான். இதைக் காதால் கேட்பது படிப்பதைவிட நன்றாக இருக்கும். முழுக்க ஒருவன் நம்மிடம் பேசுவதுதானே. காரில் ஆபீஸ் போகும் வழியில் முடித்துவிடலாம். ஷார்லட் பெர்கின்ஸ் கில்மனின் 'தி யெல்லோ வால்பேப்பர்' 1892-ல் வந்தது, அரை மணிக்கான கதை. பிரசவத்துக்குப் பிறகு மனம் தளர்ந்த ஒரு பெண்ணை, டாக்டரான அவள் கணவனே, ஓய்வு என்ற பெயரில் ஒரு மாடி அறையில் வைக்கிறான். எழுதக்கூடாது, யோசிக்கக்கூடாது. அவள் சுவரில் ஒட்டியிருக்கும் மஞ்சள் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கில்மனுக்கே அந்த ஓய்வு வைத்தியம் நடந்தது, அதிலிருந்து தப்பித்துத்தான் எழுதினார். பேய் என்று ஒன்றும் நேராக வராது. ஆனால் பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணும் இந்தக் கதையைப் படித்துவிட்டு உடனே தூங்கிவிட மாட்டாள்.

மூன்றாவது, டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸின் 'தி மங்கீஸ் பா'. 1902. இந்தியாவிலிருந்து திரும்பிய ஒரு ராணுவ சார்ஜன்ட் மேஜர், காய்ந்துபோன ஒரு குரங்குக் கையை நண்பர் வீட்டுக்குக் கொண்டுவருகிறார். ஒரு பக்கிரி மந்திரித்துக் கொடுத்தது, மூன்று வரம் தரும். வீட்டுக் கடனுக்காக அந்தக் குடும்பம் 200 பவுண்டு கேட்கிறது. பணம் வருகிறது. எப்படி வருகிறது என்பதுதான் கதை.

இதை மூன்று வருஷத்துக்கு முன்னால் நவராத்திரியில் ஒரு ராத்திரி வீட்டில் வாய்விட்டுப் படித்தேன். ஹாலில் கொலுப்படி, சின்ன விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. சமையலறை மேசையில் மீதிச் சுண்டல். பன்னிரண்டு வயது மகனும் ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியாரும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பத்தி ஆங்கிலத்தில் படித்து, அத்தைக்காக அதைத் தமிழில் சொல்லி, அப்படியே போய்க்கொண்டிருந்தேன். முதல் வரம் வரைக்கும் அத்தை சுண்டல் கிண்ணத்தில் தேங்காய்த் துண்டைத் தேடிக்கொண்டிருந்தார். பணத்தோடு அந்த ஆள் வீட்டுக்கு வந்து நின்றதும் கிண்ணத்தைக் கீழே வைத்தார். இரண்டாவது வரத்தைக் கேட்கும்படி அந்தத் தாய் கிழவனைப் பிடித்து உலுக்கும் இடத்தில், "வேண்டாம்மா, கேக்கச் சொல்லாதே" என்று என்னிடமே சொன்னார், நான்தான் தடுக்க வேண்டும் என்பதுபோல. கதவு தட்டும் சத்தம் கதையில் வந்தபோது எழுந்து போய்ப் பின்பக்கக் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மொத்தம் முக்கால் மணி நேரம். அந்த அக்டோபரில் நான் வேறு எதையும் முடிக்கவில்லை. ஆனாலும் படிக்காத மாதம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நேரமில்லாதவர்கள் செய்யக்கூடிய முதல் காரியம் இதுதான் என்பேன். படிக்கும் நேரத்தையும் குடும்ப நேரத்தையும் ஒன்றாக்கிவிடுங்கள். பேய்க்கதை வாய்விட்டுப் படிக்க உண்டானது.

அடுத்து, அக்டோபர் என்றாலே எனக்கு முதலில் ஞாபகம் வரும் கதை. வாஷிங்டன் இர்விங்கின் 'தி லெஜண்ட் ஆஃப் ஸ்லீப்பி ஹாலோ'. 1820-ல் வந்தது, ஒரு மணி நேரம் பிடிக்கும். சனிக்கிழமை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நியூ யார்க்குக்கு வடக்கே ஹட்சன் நதிக்கரையில் டாரிடவுன் பக்கம் நடக்கிறது. இகபோட் கிரேன் என்ற ஒல்லிப்பிச்சான் வாத்தியார், பணக்கார விவசாயியின் மகள் கத்ரீனாமேல் கண் வைக்கிறார். போட்டிக்கு பிராம் போன்ஸ் என்ற முரட்டு வாலிபன். அந்த வட்டாரத்தில், அமெரிக்கச் சுதந்திரப் போரில் பீரங்கிக் குண்டு பட்டுத் தலை போன ஒரு ஹெஸ்ஸியன் (பிரிட்டிஷ் தரப்பில் கூலிக்குப் போரிட்ட ஜெர்மானிய) சிப்பாய் ராத்திரியில் குதிரையில் அலைகிறான் என்று பேச்சு.

படம் பார்த்து இதைத் தெரிந்துகொண்டவர்கள் புத்தகத்தைப் படிக்கும்போது இரண்டு விஷயத்தில் ஆச்சரியப்படுவார்கள். ஒன்று, கதையில் ஹாலோவீன் என்ற பேச்சே இல்லை. இலையுதிர்காலத்து ஒரு நாள், அவ்வளவுதான். உள்ளே விளக்கு வைத்துச் சிரிக்கும் பூசணிக்காயும் கிடையாது. இன்னொன்று, பயத்தைவிடச் சாப்பாடுதான் கதையில் அதிகம். அந்த வாத்தியார் பெண்ணின் வீட்டுக்குப் போனதும் அங்கிருக்கும் பன்றியையும் வாத்தையும் சமைத்த ரூபத்தில் மனதில் பார்த்துவிடுகிறார். பழத்தோட்டம், அறுவடை, பண்டம் பலகாரம் நிறைந்த விருந்து என்று நிதானமாக நம்மை வயிறு நிறைய வைத்துவிட்டு, அப்புறம்தான் இருட்டில் தனியாக வீட்டுக்கு அனுப்புகிறார் இர்விங். மறுநாள் காலையில் வாத்தியாரைக் காணவில்லை. ஓடைப் பக்கம் அவர் தொப்பி கிடக்கிறது, அதன் அருகில் ஒரு பூசணிக்காய் சிதறிக் கிடக்கிறது. ஆயுத பூஜைக்கு மறுநாள் தெருவெல்லாம் திருஷ்டிப் பூசணி உடைந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் கடைசிக் காட்சி வேறு மாதிரி ஒட்டிக்கொள்கிறது. நியூ ஜெர்சி, நியூ யார்க் பக்கம் இருப்பவர்கள் நேரிலேயே போய்ப் பார்க்கலாம். நார்த் டாரிடவுன் என்று இருந்த ஊர் 1996-ல் தன் பெயரையே ஸ்லீப்பி ஹாலோ என்று மாற்றிக்கொண்டது. இர்விங்கின் சமாதியும் அங்கேதான்.

எம். ஆர். ஜேம்ஸ் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் நிறைவாகாது. கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரியின் தலைவராக இருந்தவர், பழைய கையெழுத்துப் பிரதிகளில் பெரிய அறிஞர். நண்பர்களுக்குப் படித்துக் காட்டுவதற்காகப் பேய்க்கதை எழுதினார். 1904-ல் வந்த அவருடைய முதல் தொகுப்பில் 'ஓ, விசில், அண்ட் ஐ'ல் கம் டு யூ, மை லாட்' என்ற கதை இருக்கிறது. பேயில் நம்பிக்கையில்லாத ஒரு பேராசிரியர் கடற்கரை ஊருக்கு விடுமுறைக்குப் போகிறார். இடிபாட்டில் ஒரு பழைய ஊதல் கிடைக்கிறது, எடுத்து ஊதிவிடுகிறார். அவர் தங்கிய அறையில் இரண்டு கட்டில். ஒன்றில் அவர் படுக்கிறார். இன்னொன்றில் யாரும் படுக்கவில்லை, ஆனால் காலையில் படுக்கை கசங்கியிருக்கிறது. இவ்வளவுதான் சொல்வேன். ஜேம்ஸின் கதைகளில் ரத்தமும் அலறலும் குறைவு. ஒரு துணி, ஒரு மயிர், தலையணைக்கு அடியில் கைக்குத் தட்டுப்படும் ஏதோ ஒன்று, இவ்வளவிலேயே வேலையை முடித்துவிடுவார். வாரத்துக்கு ஒரு கதை போதும். நாலைந்தை ஒன்றாகப் படித்தால் அவர் கை எங்கே நீளும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி. இங்கிலாந்தில் பேய்க்கதைக்குப் பருவம் அக்டோபர் இல்லை, கிறிஸ்துமஸ். ஜேம்ஸ் தன் கதைகளைப் படித்துக் காட்டியதும் கிறிஸ்துமஸ் சமயத்தில்தான். டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' 1843-ல் வந்த பேய்க்கதைதான். ஹென்றி ஜேம்ஸின் 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' (1898), சூசன் ஹில்லின் 'தி வுமன் இன் பிளாக்' (1983) இரண்டுமே கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில், நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து கதை பேசுவதில்தான் தொடங்குகின்றன. உங்களுக்கு இது நல்ல செய்தி. பட்டியலில் பாதியை மனக்குறை இல்லாமல் டிசம்பருக்குத் தள்ளிவிடலாம். ஆபீசும் அப்போது கொஞ்சம் ஓய்ந்திருக்கும். குறிப்பாக 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ'. ஒல்லியான புத்தகம் என்று நம்பி அக்டோபரில் எடுப்பவர்கள் ஏராளம். அதன் வாக்கியங்கள் ஒவ்வொன்றும் நாலு மடிப்பு மடித்தவை, களைத்துப்போன கண்ணுக்கு ஏறாது.

இனி அந்த ஒரே ஒரு நாவல். நான் கொடுப்பது ஷெர்லி ஜாக்சனின் 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்'. 1959. ஒன்பதே அத்தியாயம், உங்கள் வேகத்தில் ஐந்தாறு மணி நேரம். கதை நடப்பது கோடைகாலத்தில் என்றாலும் அக்டோபர் இருட்டுக்கு இதைவிடப் பொருத்தமான புத்தகத்தை நான் பார்க்கவில்லை. எலினார் என்ற முப்பத்திரண்டு வயதுப் பெண். நோயாளி அம்மாவைப் பார்த்துக்கொள்வதிலேயே பதினோரு வருஷம் போய்விட்டது. அம்மா இறந்ததும் அக்கா வீட்டில் ஒரு ஓரத்தில் இருக்கிறாள். பேய் வீடு என்று பெயர் வாங்கிய ஒரு மாளிகையை ஆராய்ச்சி செய்யும் ஒருவர் அவளைத் தங்க அழைக்கிறார். அவள் வாழ்க்கையில் யாரோ அவளைக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. வீட்டுக்கு அக்காவும் தானுமாக வாங்கிய காரை, அக்கா மறுத்த பிறகும், எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள்.

அந்தக் கார்ப் பயணத்தை அவசரப்படாமல் படியுங்கள். வழியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஒரு சிறுமி, வீட்டில் இருக்கும் தன் நட்சத்திரம் போட்ட கோப்பை இங்கே இல்லை என்று பால் குடிக்க மறுக்கிறாள். எலினார் மனதுக்குள் அந்தக் குழந்தையிடம், விட்டுக்கொடுக்காதே, உன் கோப்பையையே கேள் என்கிறாள். பேய்க்கதைக்கு இது எதற்கு என்று தோன்றும். கடைசிப் பக்கத்தை முடித்த பிறகு அந்தக் கோப்பைதான் மனதில் நிற்கும். தனக்கென்று ஒரு இடமே இல்லாதவளை ஒரு வீடு 'வா' என்று கூப்பிட்டால் என்ன ஆகும் என்பதுதான் முழு நாவலும். இரவில் கதவைத் தட்டும் காட்சியும், இருட்டில் கையைப் பிடித்துக்கொள்ளும் காட்சியும் பேர்போனவை. அந்த இரண்டையும் பாதியில் நிறுத்தாதீர்கள். முதல் இரண்டு அத்தியாயத்தை வார நாட்களில் பிரித்துப் படிக்கலாம். நாலாவது அத்தியாயத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரியை ஒதுக்குங்கள், அதன் முடிவில்தான் முதல் தட்டல் வருகிறது.

இந்த அளவு இருட்டு வேண்டாம், கொஞ்சம் இனிப்பும் வேண்டும் என்றால் ரே பிராட்பரியின் 'சம்திங் விக்கெட் திஸ் வே கம்ஸ்' (1962). இல்லினாய்ஸில் ஒரு சின்ன ஊர், பதினான்கு வயது ஆகப்போகும் இரண்டு பையன்கள். ஒருவன் அக்டோபர் 30 நள்ளிரவுக்கு ஒரு நிமிஷம் முன்னால் பிறந்தவன், இன்னொருவன் ஒரு நிமிஷம் பின்னால், ஹாலோவீன் அன்று. சீசன் முடிந்த பிறகு, அக்டோபரில், ஊருக்கு ஒரு கார்னிவல் ரயில் வருகிறது. அதில் ஒரு குடைராட்டினம். முன்னால் சுற்றினால் வயது கூடும், பின்னால் சுற்றினால் குறையும். நான் நூலகத்தில் வேலை செய்வதால் எனக்கு இதில் ஒரு தனிப் பிரியம் உண்டு. பையன்களில் ஒருவனின் அப்பா ராத்திரியில் நூலகத்தைச் சுத்தம் செய்கிறவர். கார்னிவலின் முதலாளி பையன்களைத் தேடிக்கொண்டு நூலகத்துக்கே வரும் அத்தியாயங்கள் இருக்கின்றன. அதைப் படித்த பிறகு, மூடும் நேரத்தில் விளக்கை அணைத்துக்கொண்டே வரும்போது அலமாரிச் சந்துகளைப் பார்க்காமல் என்னால் வர முடிந்ததில்லை. அத்தியாயங்கள் 50-க்கு மேல், பல மூன்று நாலு பக்கம்தான். நேரம் துண்டு துண்டாகக் கிடைப்பவருக்கு வசதி. ஆனால் பிராட்பரி உரைநடையில் கவிதை கொட்டுகிறவர். அது பிடிக்காதவர்களுக்குப் பத்துப் பக்கத்திலேயே திகட்டிவிடும். எடுத்ததும் முதல் அத்தியாயத்தை நின்றபடியே படித்துப் பாருங்கள்.

தினம் பத்து நிமிஷத்துக்கு மேல் நிச்சயமாக முடியாது என்பவருக்கென்றே ஒரு புத்தகம் இருக்கிறது. ரோஜர் ஸெலாஸ்னியின் 'எ நைட் இன் தி லோன்சம் அக்டோபர்', 1993. ஒரு முன்னுரை, அப்புறம் அக்டோபரின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு அத்தியாயம், ஆக 31. கதை சொல்வது ஸ்னஃப் என்ற நாய். அதன் எஜமான் ஜாக், கையில் கத்தியோடு திரிகிறவர். எந்த ஜாக் என்று ஊகித்துக்கொள்ளலாம். அக்கம்பக்கத்தில் ஒரு பிரபு, ஒரு டாக்டர், ஒரு பெரிய துப்பறிவாளர் என்று பழைய திகில் கதைகளின் ஆட்கள் எல்லாரும் இருக்கிறார்கள், பெரும்பாலோருக்கு ஒரு மிருகத் துணை. பௌர்ணமி ஹாலோவீன் அன்று விழும் வருஷத்தில் இவர்களுக்குள் ஒரு ஆட்டம். ஆரம்ப நாட்களின் அத்தியாயங்கள் ஒன்றிரண்டு பக்கம்தான், போகப்போக நீளும். தேதி தவறாமல் அன்றன்றைக்கு ஒன்று படிக்கும் வாசகர்கள் வருஷா வருஷம் இருக்கிறார்கள். விக்கிரமாதித்தன் வேதாளத்தைச் சுமந்துகொண்டு வழிக்கொரு கதை கேட்டதுபோல, நாளுக்கு ஒன்று என்று போட்ட கதைக்கு இடைவெளி கெடுதல் செய்யாது. அந்த இடைவெளியை எழுதியவரே கதையில் வைத்துத் தைத்திருக்கிறார். நான் முன்னே சொன்ன 'ஒரே அமர்வு' விதிக்கு உண்மையான விலக்கு இந்த மாதிரிப் புத்தகங்கள்தான்.

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா'வும் (1897) டயரி, கடிதம், தந்தி என்று தேதி போட்டே போகிறது. ஆனால் அது மே 3-ல் தொடங்கி நவம்பர் 6 வரை ஓடுகிறது. தேதிப்படி படிக்க விரும்பினால் மே மாதம் ஆரம்பிக்க வேண்டும். இந்த அக்டோபருக்கு முதல் நாலு அத்தியாயம் மட்டும் போதும். ஜோனதன் ஹார்க்கர் கோட்டைக்குப் போய் மாட்டிக்கொள்ளும் டயரி அது, தனியாக ஒரு நீண்ட கதை மாதிரி நிற்கும். சுவரில் தலைகீழாக இறங்கும் காட்சியும் அதற்குள் வந்துவிடும்.

பழையது மட்டுமே போதாது என்றால் ஒரு ஜோடி சொல்கிறேன். போவின் 'தி ஃபால் ஆஃப் தி ஹவுஸ் ஆஃப் அஷர்' (1839) ஒரு இலையுதிர்காலப் பகலில்தான் தொடங்குகிறது, நாற்பது நிமிஷம். அதை ஒரு வியாழக்கிழமை படித்துவிட்டு, அந்த வாரக் கடைசியில் டி. கிங்ஃபிஷரின் 'வாட் மூவ்ஸ் தி டெட்' (2022) எடுங்கள். அதே வீடு, அதே அண்ணன் தங்கை. ஆனால் அந்த வீட்டுக்கு என்ன நோய் என்று போ சொல்லாமல் விட்டதற்குக் காளானை வைத்து ஒரு காரணம் கட்டியிருக்கிறார். அதில் வரும் முயல்களை மறக்க முடியாது. இருநூறு பக்கம்கூட வராது.

எல்லாருக்கும் எல்லாப் பயமும் ஒத்துவராது, இதைச் சொல்ல வெட்கப்படவே வேண்டாம். கைக்குழந்தையோ சின்னப் பிள்ளையோ உள்ள பெற்றோருக்கு ஸ்டீபன் கிங்கின் 'பெட் செமட்டரி'யை (1983) நான் எடுத்துக் கொடுப்பதில்லை. எழுதி முடித்துவிட்டு, எல்லை தாண்டிவிட்டோம் என்று கிங்கே அதை ஓரமாக வைத்த புத்தகம் அது. பேயே வேண்டாம், அக்டோபர் வாசனை மட்டும் போதும் என்றால் அகதா கிறிஸ்டியின் 'ஹாலோவீன் பார்ட்டி' (1969). நான் ஒரு கொலையைப் பார்த்திருக்கிறேன் என்று பெருமையடித்த சிறுமி, தண்ணீரில் மிதக்கும் ஆப்பிளை வாயால் கவ்வும் விளையாட்டுக்கு வைத்த தொட்டியிலேயே இறந்து கிடக்கிறாள். துப்பறிவாளர் பாய்ரோ வருகிறார். உங்கள் சின்னவளுக்கு, லிண்டா வில்லியம்ஸ் எழுதிய 'தி லிட்டில் ஓல்டு லேடி ஹூ வாஸ் நாட் அஃப்ரெய்ட் ஆஃப் எனிதிங்' (1986) படித்துக் காட்டுங்கள். காட்டு வழியில் ஒரு பாட்டியைக் காலணி, கால்சட்டை, சட்டை, கையுறை, தொப்பி என்று ஒவ்வொன்றாகத் துரத்துகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம், ஒரு அசைவு. மூன்றாவது தடவைக்குள் பிள்ளையே நடித்துக் காட்ட ஆரம்பித்துவிடும். அதுவும் உங்கள் கணக்கில் ஒரு அக்டோபர் புத்தகம்தான்.

புத்தகம் கிடைப்பது பற்றி. ஜாக்சன், பிராட்பரி இரண்டுக்கும் எங்கள் நூலகத்தில் அக்டோபரில் வரிசை நீண்டுவிடும். செப்டம்பர் நடுவிலேயே பெயர் பதிந்து வையுங்கள். போ, இர்விங், கில்மன், ஜேக்கப்ஸ், ஜேம்ஸின் 1904 தொகுப்பு எல்லாம் காப்புரிமை முடிந்தவை. ப்ராஜெக்ட் குட்டன்பர்க்கில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், லிப்ரிவாக்ஸில் தன்னார்வலர்கள் படித்த ஒலிவடிவம் கிடைக்கும். குரல் பிடிக்கவில்லை என்றால் அதே கதையை வேறொருவர் படித்திருப்பார், மாற்றிக் கேளுங்கள். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: மாதம் பிறந்ததும் ஐந்து புத்தகத்தை ஒன்றாக மேசையில் அடுக்காதீர்கள். அடுக்கு கண்ணில் படும்போதெல்லாம் கடன்பட்ட உணர்வு வரும். கையில் ஒன்று, போனில் இரண்டு கதை, அது போதும்.

நடுவில் ஆங்கிலம் அலுத்துவிட்டால் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யை ஒரு ராத்திரி எடுங்கள். வீட்டுக்கு வேலைக்கு வந்து சேரும் ஒரு பெண், நடுராத்திரியில் வரும் ஒரு வாசனை, தூக்கம் பிடிக்காத ஒரு எழுத்தாளன். ஜேம்ஸின் பேராசிரியர் கதைக்கு அடுத்த நாளே இதைப் படித்தேன். பேயை நம்பாத படித்தவனுடைய பயத்தை இரண்டு பேரும் எவ்வளவு வேறு வழியில் பிடிக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

31-ம் தேதிக்கு எதை வைத்துக்கொள்வது என்று கேட்டிருந்தீர்கள். அன்றைக்குப் பிள்ளைகள் தெருவெல்லாம் சுற்றிவிட்டு வந்து, மிட்டாயைத் தரையில் கொட்டிப் பிரித்து, பல் தேய்த்துப் படுக்க ஒன்பதரை ஆகிவிடும். புதிதாக எதையும் தொடங்காதீர்கள், உடம்பு தாங்காது. வாசல் விளக்கை அணையுங்கள், அப்போதுதான் இன்னும் வருகிற பிள்ளைகளுக்கு இந்த வீட்டில் மிட்டாய் தீர்ந்துவிட்டது என்று தெரியும். மாதத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை படித்த 'ஸ்லீப்பி ஹாலோ'வை எடுத்து, விருந்து முடிந்து இகபோட் தன் கிழட்டுக் குதிரையில் ஏறும் இடத்திலிருந்து மட்டும் மறுபடி படியுங்கள். பத்து மணிக்குள் பூசணிக்காய் உடைந்து கிடக்கும்.